அலமாரிக்குப் பின்னால் ஒரு டப்பா

"மத்தியானம் என்ன சாப்பிடுவீங்க?" என்று டாக்டர் கேட்டதும் பதிவறைக் குமாஸ்தா வாயைத் திறந்தார். பதில் பக்கத்து நாற்காலியில் இருந்த மனைவியிடமிருந்து வந்தது.

"நான் சமைச்சு அனுப்புற ஒரே ஒரு டப்பா, டாக்டர். வெளிச் சாப்பாட்டை இவர் தொடவே மாட்டார்."

குமாஸ்தா ஆமாம் என்று தலையாட்டினார். உண்மையில் டப்பா இரண்டு. மனைவியுடையதை ஒரு மணிக்கு மேஜையில் வைத்துச் சாப்பிடுவார். அக்காவுடையதை ஒன்றேகாலுக்குப் பழைய கோப்பு அலமாரிக்குப் பின்னால் நின்றபடியே விழுங்குவார். அக்கா டப்பா வருவது மனைவிக்குத் தெரிந்தால் வீடு ரெண்டுபட்டுவிடும். வேண்டாம் என்றால் அக்கா ஒரு வருஷத்துக்கு முகம் கொடுத்துப் பேசமாட்டாள். பாசமாகச் சமைத்ததைக் குப்பையில் கொட்டவும் பாவி மனுஷனுக்கு மனசு வரவில்லை. மூன்று மாதமாக அவர் வயிறுதான் எரிந்து எரிந்து குடும்பத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

டாக்டர் யோசித்தார். அரைவயிறு சாப்பிடுவதால் வந்த எரிச்சல் இது, அளவைக் கூட்டுங்கள் என்றார். மறுநாளே மனைவியின் டப்பாவில் ஓர் அடுக்கு ஏறியது. தம்பி பட்டினியால் டாக்டரிடம் போனான் என்று அக்கா காதுக்கு எட்டியதும் அவள் இரண்டு அடுக்கு ஏற்றினாள்.

ஒரே வாரத்தில் குமாஸ்தாவால் குனிந்து செருப்பு மாட்ட முடியவில்லை. மறுபடி போனபோது, வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்துவிடலாம் என்று டாக்டர் நாள் குறித்துக் கொடுத்தார். ஊசியைப் பார்த்தாலே மயங்கி விழும் ஆள் அவர். குழாய் என்றதும் கதிகலங்கிப் போனார்.

மறுநாள், இரண்டு டப்பாவையும் தினமும் சைக்கிளில் கொண்டுவருகிற ஆளை ஆபீஸ் படிக்கட்டிலேயே மடக்கினார்.

"அண்ணே, எங்க அக்கா டப்பாவை இனிமே நீங்களே சாப்பிட்டுடுங்க. அவங்க கைப்பக்குவமே தனி. ஆனா யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது."

சைக்கிள்காரர் தம் பையிலிருந்த சின்னத் தூக்குப் பாத்திரத்தை எடுத்துக் காட்டினார்.

"வேணாம் சார். உங்க ரெண்டு டப்பாவையும் நிரப்புறதே எங்க சாப்பாட்டுக் கடையிலதான். அந்த எண்ணெய்க்குப் பயந்துதான் நான் வீட்டுலேர்ந்து கட்டிட்டு வரேன்."