மகளுக்குப் பதிலாக மலையேறியது

பூசானில் இருக்கும் மூத்த அக்காவுக்கு, தேகுவிலிருந்து தம்பி கி-தே கும்பிட்டு எழுதுவது. அத்தானுக்கு இருமல் நின்றதா? நீங்கள் அனுப்பிய நெத்திலி வந்து சேர்ந்தது. போன வாரம் போனில் புலம்பினேனே, அந்தக் கவலை தீர்ந்தது. மகள் சே-ரினுக்கு வேலை போகவில்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் படிப்பீர்கள்.

அவள் அலுவலகத்தில் மேலாளர் குவாக் மாதம் ஒரு சனிக்கிழமை எல்லோரையும் மலையேறக் கூட்டிப்போவார். விருப்பம் இருந்தால் வரலாம் என்பது பேச்சுக்குத்தான்; வராதவர்களை அவர் மறப்பதில்லை. வேலை நிரந்தரம் ஆகப்போகிற நேரம் பார்த்து இவள் எல்லோர் முன்னாலும், "சார், இது வேலைன்னா சம்பளம் குடுங்க. வேலை இல்லைன்னா நான் வீட்ல தூங்குறேன்" என்று சொல்லியிருக்கிறாள். இதைச் சாப்பிடும்போது சாவகாசமாகச் சொல்கிறாள், எனக்குச் சோறு இறங்கவில்லை. "மேல இருக்கிறவங்க அந்த அதிகாரத்த வெச்சு நம்மளப் படுத்தக் கூடாதுன்னு சட்டமே இருக்குப்பா. புகார் சொன்னாங்கன்னு யாரையும் வேலைய விட்டு எடுக்கவும் கூடாது" என்றாள். சட்டம் புத்தகத்தில் இருக்கும், மேலாளர் எதிர் மேசையில் அல்லவா இருப்பார் என்றேன். எழுந்து போய்விட்டாள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. சனிக்கிழமை காலை அவள் தூங்கும்போதே மலையேறும் உடுப்பை மாட்டிக்கொண்டு, ஒரு பேரிக்காய்ப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு, மகள் சார்பில் மன்னிப்புக் கேட்க பல்கோங் மலையடிவாரத்துக்குப் போனேன். பார்த்தால் குவாக் தனியாக நிற்கிறார். இவள் வாயைத் திறந்ததும் மற்றவர்களுக்கும் தைரியம் வந்திருக்கிறது, அதுவும் அரைத் தைரியம்தான். ஒருவனுக்கு வயிற்றுப்போக்கு, ஒருத்திக்குச் சுளுக்கு, இன்னொருவனுடைய நாய்க்குக் காய்ச்சல். அவரை அப்படியே விட்டுவர மனம் வராமல் பெட்டியோடு கூடவே ஏறினேன். வழியெல்லாம் ஜோக் சொன்னார், ஒன்றும் புரியவில்லை, பயத்தில் எல்லாவற்றுக்கும் சிரித்தேன். உச்சியில் அரிசிக் கள்ளை ஊற்றிக் கொடுத்து, "உங்க பொண்ணு ஒருத்திதாங்க மூஞ்சிக்கு நேரா சொன்னா. அவ வேலை சுத்தம். நிரந்தரம் பண்ணச் சொல்லி எழுதி அனுப்பியாச்சு. இனிமே ஆபீஸ்ல யாரையும் மலைக்குக் கூப்பிடல" என்றார். அக்கா, எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. கள்ளின் மேல் பழியைப் போட்டேன்.

வீட்டுக்கு வந்து சொன்னால் சே-ரின் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். "ஏம்ப்பா, போகமாட்டேன்னு நான் சண்ட போட்டா, நீங்க எனக்குப் பதிலா ஏறிட்டு வந்திருக்கீங்க. இதுக்கு நானே போயிருப்பேனே." அப்புறம் அவளே சிரித்தாள். அவள் சொல்வதுதான் சரி. உழைக்கிறவர்களின் ஓய்வுநாள் அவர்களுடையது. பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட வேண்டும். நம் வீட்டில் இனி யாரும் பயந்து தலையாட்டப் போவதில்லை.

அத்தானுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. எல்லோரும் நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்குங்கள்.

உங்கள் தம்பி,
பியோன் கி-தே

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் குவாக் போன் செய்தார். "அண்ணே, என் ஜோக்குக்கு உங்கள மாதிரி யாரும் சிரிச்சதில்ல. இனிமே வாராவாரம் நாம ரெண்டு பேருமே போயிடுவோமா?" மகளின் மேலாளராயிற்றே, சரி என்று சொல்லிவிட்டேன். சே-ரினிடம் மூச்சு விடாதீர்கள். அந்தச் சட்டத்தில் அப்பாக்களுக்கு ஏதாவது இடம் உண்டா என்று வக்கீலாக இருக்கும் உங்கள் மருமகனிடம் மெதுவாக விசாரித்து எழுதுங்கள்.