கம்பெனி கொடுக்கும் அண்ணாச்சி

ஒருவன் குடிக்கு அடிமையாவதற்கு டாக்டர்கள் பல காரணங்கள் சொல்வார்கள். அப்பா குடித்திருப்பார், மனதில் பாரம் இருக்கும், மீசை அரும்பும் முன்பே ருசி பார்த்திருப்பான். எல்லாம் சரிதான். ஆனால் பூப்போட்ட சட்டை போட்டுக்கொண்டு, வண்ணார்பேட்டையில் பெயிண்ட் கடை வைத்துக்கொண்டு, வாய் நிறையச் சிரிக்கும் ஒரு காரணமும் உண்டு. அதை எந்த டாக்டரும் எழுதுவதில்லை. கம்பெனி கொடுக்கும் அண்ணாச்சி என்று அந்த இனத்துக்குப் பெயர். ஊருக்கு நாலு பேராவது இருப்பார்கள்.

நம் மாடக்கண்ணு அண்ணாச்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர் குடிகாரர் இல்லை, அவரே சொல்கிறார். மழை பெய்தால் குளிருக்கு, வெயிலடித்தால் சூட்டுக்கு, பையன் பாஸானால் சந்தோஷத்துக்கு, பெயிலானால் ஆறுதலுக்கு என்று அடுத்தவர் டம்ளரை நிரப்புவதுதான் அவர் வேலை. கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் தன் கார் டிக்கியைத் திறந்து, மிக்சரும் ஊறுகாயும் பரப்பி, ஒருவர் விடாமல் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். வேண்டாம் என்று எவனாவது சொன்னால் அவர் முகம் சுண்டிப்போகும். அவனுக்கு என்ன குறையோ என்று உண்மையாகவே கவலைப்படுவார்.

போன மாதம் திசையன்விளைக் கல்யாணத்தில் வன்னியராஜ் அகப்பட்டான். ஈரல் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்து, பிழைத்து எழுந்து, ஆறு மாதமாகத் தொடாதவன்.

"வேண்டாம் அண்ணாச்சி. இனி தொட்டா ஆள் தேறாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"அவரு அப்படித்தாம்லே சொல்லுவாரு. உங்க அப்பா எப்படிக் குடிச்ச மனுசன்! உனக்கு ரத்தத்துலயே தாங்கும்லா?"

அந்த அப்பா நாற்பது வயதில் செத்துப்போனார். பாடைக்குத் தோள் கொடுத்தவர்களில் அண்ணாச்சியும் ஒருவர்.

"ஒரே ஒரு மடக்கு லே. எனக்காக."

டம்ளர் வன்னியராஜ் கைக்குப் போய்விட்டது. பாவம், அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அவனைத் தேடி வந்த மனைவி சித்ரலேகா டம்ளரைப் பைய வாங்கி மண்ணில் கவிழ்த்தாள்.

"இவுக ஆஸ்பத்திரியில கிடந்தாவளே அண்ணாச்சி, அங்கன கம்பெனி குடுக்க ஒரு நாளும் வரலியே?"

அண்ணாச்சி மனமுடைந்து போனார். "பாசத்துல குடுத்தத மண்ணுல ஊத்திட்டாளே வே" என்று பக்கத்தில் நின்றவரிடம் புலம்பினார். புலம்பிவிட்டு, அந்த வருத்தத்துக்காக அவருக்கு ஒன்று ஊற்றினார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சொட்டுக்கூடத் தொடாத குடும்பம் உங்களுடையது, தெரியும். ஆனால் போன விருந்தில் சர்க்கரை நோய்க்காரர் ஒருவர் இரண்டு கையாலும் இலையை மறைத்துக்கொண்டு கெஞ்சியபோது, "ஒண்ணு தின்னா ஒண்ணும் செய்யாது வே" என்று விரலிடுக்கு வழியாக ஜாங்கிரியைப் போட்டது யார்?