செலவில்லாமல் அமெரிக்காவைக் கடந்த கதை

1986 ஜனவரியில் நான் அமெரிக்காவைக் கடப்பது என்று தீர்மானித்தேன். ஆகாயத்தால் அல்ல. தரையால், காரில், லொஸ் ஏஞ்சலிஸில் தொடங்கி நியூயோர்க் வரை. நாலாயிரத்து ஐந்நூறு கிலோமீற்றர். அதுவும் செலவில்லாமல்.

ஏன் என்று கேட்பீர்கள். நான் பிறந்தது ஒரு தீவு. பிழைக்க வந்த ஒக்லாந்து இருப்பதும் உலகத்தின் தென்கோடியில் ஒரு தீவு. இரண்டிலும் எந்தப் பக்கம் காரை விட்டாலும் கொஞ்ச நேரத்தில் கடல் வந்து மறித்துவிடும். ஒருமுறையாவது கடல் வராத தெருவில் ஐந்து நாள் ஓட்டிப் பார்க்க வேண்டும். வாழ்க்கையில் எனக்கு இருந்த ஒரே ஆசை அது. ஒரு மனிசனுக்கு ஒன்றாவது இருக்கக்கூடாதா?

அப்போது நாங்கள் மவுண்ட் ரோஸ்கில்லில் ஒரு பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். வந்து நாலு வருடம். பிள்ளைகள் இல்லை. நான் தெருப் போடுகிற கந்தோர் ஒன்றில் வரைபடம் கீறுபவன். மனைவி புஷ்பவதி தையல் தொழிற்சாலையில் சட்டைகளுக்குக் கொலர் வைப்பவள். நாளுக்கு முந்நூறு கொலர். கழுத்து ஒன்றுகூட அவளோடு பேசாது.

என் திட்டம் மூன்று இலவசங்களில் நின்றது. முதலாவது கார். அந்த நாளில் அமெரிக்காவில் வீடு மாறுகிறவர்கள் தங்கள் காரை மறுகரைக்கு ஓட்டிக்கொண்டுவர ஆள் தேடுவார்களாம். ஓட்டிக் கொடுத்தால் கார் இலவசம், பெற்றோல் மட்டும் நம்முடையது. இரண்டாவது படுக்கை. மூன்றாவது சாப்பாடு. இந்த இரண்டுக்கும் வழிநெடுகத் தமிழர் வேண்டும். என் பழைய பள்ளிக்கூடத்து மாணவர் சங்க மலரின் கடைசிப் பக்கத்தில் அவர்கள் இருந்தார்கள். லொஸ் ஏஞ்சலிஸில் ஒருவர், டென்வரில் ஒருவர், சிக்காகோவில் ஒருவர், நியூயோர்க்கில் ஒருவர். அமெரிக்க வரைபடம் ஒன்று வாங்கிப் பென்சிலால் இழுத்துப் பார்த்தேன், நான் கேட்டு வைத்த மாதிரி ஒரே கோட்டில்.

விமானச் சீட்டுக்குக் காசு சேர்த்திருந்தேன். லீவும் தயார். இரண்டு வருடம் ஒரு நாளும் எடுக்காமல் ஆறு கிழமை சேர்த்து வைத்திருந்தேன். மிச்சம் கடிதம் எழுதுவதுதான். அங்கேதான் நான் என் புத்திசாலித்தனத்தின் உச்சிக்கு ஏறினேன். கடிதத்தைப் புஷ்பவதி எழுத வேண்டும் என்றேன்.

"நான் எழுதினா இடம் கேக்கிற மாதிரி இருக்கும். நீர் அந்த வீட்டு அக்காமாருக்கு எழுதினா உறவு மாதிரி இருக்கும்."

"முன்பின் தெரியாத வீட்டிலை போய்ப் படுக்கிறதோ?"

"தமிழ் ஆக்கள்தானே."

"அவையள் வரச்சொல்லாமலோ?"

"வரச்சொல்லப் பண்ணத்தான் கடிதம்."

அவள் பேனையை எடுத்தாள். இவ்வளவு சுகமாக நான் எந்த வாக்குவாதத்திலும் வென்றதில்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குசினியில் அடுப்புக்கும் மேசைக்கும் இடையில் நடந்து நடந்து சொன்னேன். அவள் எழுதினாள். நாலு நீல ஏரோகிராம். காசு கொடுத்த தாள், இடத்தை வீணாக்காமல் பொடி எழுத்தாக எழுதும் என்று இரண்டு தரம் சொன்னேன். அவள் தலையாட்டினாள். நான் சொல்லி முடிக்க, ஒவ்வொரு தாளிலும் கால்வாசி மிச்சம் கிடந்தது. மழை விட்டிருந்தது, நான் வெளியே போய்விட்டேன். அவள் பசையை நக்கி ஒட்டித் தபாலில் போட்டுவிட்டு வந்தாள்.

பதில் வரும்வரை நான் சும்மா இருக்கவில்லை. அமெரிக்காவில் ஸ்ரியறிங் இடப்பக்கம், ஓட்டுவது தெருவின் வலப்பக்கம். அதைப் பழகுவதற்காகப் பின்னேரங்களில் வீட்டு முற்றத்தில் நிற்கும் எங்கள் டட்சனின் இடப்பக்க இருக்கையில் உட்கார்ந்து, வட்டமான ஒரு சோற்றுக் கோப்பையை ஸ்ரியறிங்காக இரண்டு கையாலும் பிடித்து, டென்வர் மலைகளில் ஏறி இறங்கினேன். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவி வேலிக்கு மேலால் நாலு நாள் பார்த்தாள். ஐந்தாம் நாள் புஷ்பவதியின் கையைப் பிடித்து ஏதோ ஆறுதல் சொல்லி, தான் சுட்ட ஸ்கோன் ஒரு தட்டு கொடுத்துவிட்டுப் போனாள்.

ஏப்ரலில் டென்வரிலிருந்து பதில் வந்தது. சரோஜாதேவி என்ற அக்கா புஷ்பவதிக்கு எழுதியிருந்தார். அவருடைய புருஷன் செல்வரத்தினத்துக்கு ஒக்லாந்தில் இஞ்சினியர் வேலை கிடைத்திருக்கிறதாம். ஜூலையில் வருகிறார்களாம். நானும் உலகம் எவ்வளவு சின்னது என்று ஆச்சரியப்பட்டேன். வீடு கிடைக்கும்வரை நம்மோடு இருக்கட்டும் என்றாள் புஷ்பவதி. ஒரு இரவுப் படுக்கை கேட்டு எழுதிய நான் எப்படி இல்லை என்பது?

ஜூலையில், எங்கள் நடுக்குளிர் காலத்தில், நான் மூன்று கம்பளிச் சட்டைக்குள் நடுங்கிக்கொண்டு விமான நிலையத்தில் நின்றேன். டென்வர் அரைக்கைச் சட்டையோடு வந்து இறங்கியது. செல்வரத்தினம் மூச்சை உள்ளே இழுத்தார்.

"இதுதானோ அண்ணை உங்கடை வின்ரர்?" என்றார். ஸ்னோ இல்லாத குளிரைக் கண்ட சந்தோஷத்தில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

அவர்கள் எட்டுக் கிழமை இருந்தார்கள். வீடு பார்க்க, கட்டில் வாங்க, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க நான் ஓட்டினேன். என் லீவில் மூன்று கிழமை மவுண்ட் ரோஸ்கில் தெருக்களிலேயே கரைந்தது. அமெரிக்கத் தெருக்கள் எப்படி என்றாவது கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று பார்த்தால், அந்த மனிசனுக்கு அங்கே கார் இருக்கவில்லை. படித்த ஆறு வருடமும் பஸ்ஸில் போய் வந்திருக்கிறார்.

அடுத்த பெப்ரவரியில் சிக்காகோ வந்தது. ஜெயரட்ணம், கணக்காளர், மனைவி, மாமியார், ஒரு வீணை. மிச்ச லீவும் போனது.

உலகம் இவ்வளவு சின்னதாக இருக்கக்கூடாது என்று அப்போதுதான் எனக்குப் பட்டது. ஆனாலும் பிடிபடவில்லை. மே மாதம் ஒரு சனிக்கிழமை தபால் பெட்டியில் ஒரு நீல ஏரோகிராம் கிடந்தது. எங்களுடையதுதான். லொஸ் ஏஞ்சலிஸ்காரர் விலாசம் மாறிப் போய்விட்டாராம். கடிதம் எங்கெங்கோ அலைந்து, உடைக்கப்படாமல் திரும்பி வந்திருந்தது. பெட்டியடியிலேயே நின்று உடைத்தேன். மேலே நான் சொன்னது ஒரு எழுத்துப் பிசகாமல் இருந்தது. கீழே, ஊசிமுனை எழுத்தில் இப்படி இருந்தது:

"அக்கா, இதற்கு மேலே உள்ளது இவர் சொல்ல எழுதினது. இனி எழுதுவது நான். நாங்கள் வந்து உங்களுக்கு ஒரு நாள் கரைச்சல் தருவதைவிட, நீங்கள் இங்கே வந்தால் என்ன? படிப்பு முடிந்தால் அங்கே இருக்க விடமாட்டார்கள் என்று கேள்வி. ஊருக்கும் இப்போது திரும்ப ஏலாது. இங்கே படித்த ஆட்களைத் தேடுகிறார்கள். சனிக்கிழமைப் பேப்பரில் வந்த விலாசங்களைக் கீழே தருகிறேன். வேலை கிடைத்தால் எங்களோடு வந்து இருங்கள். இவர் நல்லவர், ஒரு மூலையில் இருந்து படம் கீறிக்கொண்டிருப்பார். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஒருவரும் கதவைத் தட்டி என்னோடு தமிழில் கதைக்கவில்லை."

எனக்குக் கோபம் வந்தது. கடைசி வரியில் அது நின்றுவிட்டது. ஐந்து வருடம் ஒரே வீட்டில் இருந்தும் நான் அதைக் கவனிக்கவில்லை. வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கத்தைக் காட்டினால் புருஷன் என்ற பதவி என்னாவது? கடிதத்தை நீட்டிக்கொண்டு குசினிக்குள் போனேன்.

"திரும்பி வந்திட்டுதோ?" என்றாள். "பாவம், நல்ல ஆக்களாத்தான் இருந்திருப்பினம்."

"நாலிலையும் இப்பிடியோ எழுதினனீர்?"

"கீழை இடம் கிடந்தது. வீணாக்க வேண்டாமெண்டு நீங்கள்தானே ரெண்டு தரம் சொன்னனீங்கள்."

நான் மனம் தளரவில்லை. நியூயோர்க் மிச்சம் இருந்தது. அன்னபாக்கியம், டொக்டர், தனி மனிசி, சொந்த வீடு, அமெரிக்கக் குடியுரிமை. அவர் ஏன் இடம் பெயரப் போகிறார்? நியூயோர்க்கிலிருந்து தொடங்கி முடிந்த மட்டும் உள்ளே ஓட்டலாம். இந்த முறை கடிதம் கிடையாது. லீவு திரும்பவும் சேரும்வரை ஒரு வருடம் பொறுத்திருந்து, புஷ்பவதி வேலைக்குப் போன நேரம் பார்த்து நானே ரெலிபோன் எடுத்தேன்.

"தம்பி, நல்ல வேளை எடுத்தீர்," என்றார் டொக்டர். "ஸ்னோ வழிச்சு வழிச்சு எனக்கு நாரி இடுப்பெல்லாம் போட்டுது. பிளேன் வெள்ளிக்கிழமை காலமை ஆறு மணிக்கு வருது. நீர் ஏயர்போர்ட்டுக்கு வருவீரெண்டு புஷ்பவதி எழுதினவ."

போனேன்.

அந்த வருடங்களை இப்போது நினைத்தால் நெஞ்சு நிறைகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வாசலில் இருபது சோடி செருப்புக் கிடக்கும். வீணைச் சத்தத்துக்கு மேலால் மாமியார் கதைப்பார், மாமியாருக்கு மேலால் டொக்டர் கதைப்பார். பிள்ளைகள் எல்லோருக்கும் இங்கிலீஷில் பதில் சொல்லிக்கொண்டு கட்டிலில் துள்ளுவார்கள். புஷ்பவதி கரண்டியோடு நடுவில் நின்று சிரிப்பாள். அவளுக்கு அப்படி ஒரு சிரிப்பு இருந்தது எனக்கு அதுவரை தெரியாது. யாருக்கும் சொந்தப் பெயர் நிலைக்கவில்லை. டென்வர் எங்களுக்கு அடுத்த தெருவில் வீடு வாங்கியது. சிக்காகோ மேட்டுக்கு அந்தப் பக்கம். நியூயோர்க் பக்கத்து ஊரான லின்ஃபீல்டில்.

ஒரு பின்னேரம், எல்லோரும் அவரவர் வீட்டில் இருந்த நேரம், வரைபடத்தை எடுத்து மேசையில் விரித்தேன்.

"புஷ்பம், லீவு இருக்கு. இந்த வருஷமாவது அமெரிக்காவுக்குப் போவம்."

"போவம்," என்றாள், லீக்ஸ் வெட்டிக்கொண்டு. "எனக்கும் விருப்பம்தான். ஆனா அங்கை இப்ப எங்களை வரச்சொல்ல ஆர் இருக்கினம்?"

நான் படத்தைப் பார்த்தேன். ஒரு கரையிலிருந்து மறுகரை வரை பார்த்தேன். பென்சில் கோடு அப்படியே இருந்தது. அதன் மேல் ஒரு வீடுகூட மிச்சமில்லை.

அவள் கையைத் துடைத்துவிட்டு, மூடிய சட்டி ஒன்றை வரைபடத்தின் நடுவில் வைத்தாள். "இதைச் சிக்காகோவிலை குடுத்திட்டு, வரேக்கை டென்வரிலை எங்கடை இடியப்பத் தட்டுகளை வாங்கிக்கொண்டு வாங்கோ. ஆறப்போகுது."

போய்வர இருபது நிமிடம் எடுத்தது. நடந்துதான் போனேன், எங்கள் காரை நியூயோர்க் இரவல் வாங்கிக்கொண்டு போயிருந்தது.