ஒரு வரிக்குச் சான்று

"அத்த வுட்டுத் தொலையேன்யா, ஒரு வரி போனா இன்னா..."

"ஒரு வரியா? எந்தம்பிமே அது!"

"நான் சொல்றதக் கொஞ்சம்..."

"நீ ஒண்ணும் சொல்லாத. ஏழு பேரக் காப்பாத்திட்டுக் கடல்ல உயிர வுட்டவன். அவனுக்குப் போயி சான்று கேக்கறாங்க!"

சாவியோ கைப்பேசியை மனைவி எல்சியின் முகத்துக்கு நேரே நீட்டினார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்கிற இணையக் கலைக்களஞ்சியத்தில் தங்கள் சிலுவைக்குப்பத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தார். 'முப்பது வருடத்துக்கு முந்தைய புயலில் ஜெரி ஏழு பேரைக் கரை சேர்த்துவிட்டு உயிர்விட்டார்' என்ற வரியின் பக்கத்தில், செங்கொடி என்றொரு பெண் 'சான்று தேவை' என்று குத்தி வைத்திருந்தாள். ஒரு வாரம் கெடு. தவறினால் வரி நீக்கப்படும்.

சான்றுதானே! மறுநாள் காலை இ-சேவை மையத்தில் போய் நின்றார்.

"ஒரு வரிக்குச் சான்று வேணும்மா."

"எந்த வரி? சொத்து வரியா, தண்ணி வரியா?"

"எந்தம்பி வரி."

"அப்ப அவரத்தான் வரச் சொல்லணும்."

"அவன் செத்து முப்பது வருசம் ஆவுது."

"அத மொதல்லயே சொல்றதில்ல? இறப்புச் சான்று!"

அது வீட்டுப் பெட்டியிலேயே இருந்தது. படம் பிடித்துப் போட்டார். செங்கொடி மரியாதையாகவே பதில் எழுதினாள்: 'இறந்தது தெரிகிறது, ஐயா. காப்பாற்றியது எதில் இருக்கிறது? அச்சில் ஏதாவது வந்திருக்கிறதா?'

கோயில் யூபிலி விழா மலரைத் தேடி எடுத்தார். பன்னிரண்டாம் பக்கத்தில் அதே வரி. கெத்தாகப் போட்டார். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. 'அந்தப் பக்கத்தின் அடியில் "தகவல்: சாவியோ" என்று இருக்கிறதே, ஐயா?'

"இன்னாமே இது? எனக்கு நானே சாட்சியா?"

எல்சி அவர் கையிலிருந்த மலரை வாங்கி மூடி வைத்தாள்.

காப்பாற்றப்பட்டவரில் ஒருவர் பேசினால் பத்திரிகையில் போடுவதாக ஒரு நிருபர் சொன்னார். சாவியோ பக்கத்து வீட்டு நோயலைப் பிடித்தார்.

"அந்த ஏழு பேருல நீ ஒருத்தன்தான?"

"நானா? நான் அன்னிக்குக் கடலுக்கே போவல. சாலமன் வூட்டு ஆளுங்கன்னு நெனச்சிகினு கீறேன்."

சாலமன் தலையைச் சொறிந்தார். "நெட்டுக்குப்பத்து ஆளுங்கன்னுல்ல சொன்னாங்க?"

"யாரு சொன்னா?"

"நீதான் மாமு."

நெட்டுக்குப்பத்தில் அவரை உட்காரவைத்து டீ கொடுத்தார்கள். அந்தப் புண்ணியவானின் அண்ணனா என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். பிறகு கேட்டார்கள்: "அந்த ஏழு பேரு உங்க குப்பத்துல சொகமா கீறாங்களா?"

ஆறாம் நாள் மாலை சாவியோ வீட்டுப் படியில் வந்து உட்கார்ந்தார்.

"ஏழு பேரும் எங்கமே போனாங்க? நான் அன்னிக்கு டூட்டில இருந்தேன். அப்பால யாரோ சொல்லித்தான எனக்கே தெரியும்? யாருமே அது?"

எல்சி அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அவனப் பொதச்சிட்டு வந்து மூணு நாளு பச்சத் தண்ணி குடிக்காம கெடந்தியேய்யா... ஏழு பேரக் காப்பாத்திட்டுத்தான் போனான்னு சொன்னா ஒரு வாய் சோறு துன்னுவியேன்னு, நாந்தான்யா சொன்னேன்."