பதினோரு பேர் குழு வளர்த்த நாய்க்குட்டி

மனிதன் நாய் வளர்க்கத் தொடங்கி எத்தனையோ ஆயிரம் வருடங்கள் ஆகிவிட்டன என்கிறார்கள். ஆகட்டும். ஆனால் ஒரு நாய்க்குட்டியை ஒருமுறைகூடத் தொடாமல், ஒரு பிடி சோறு போடாமல், முழுக்க முழுக்கத் தீர்மானங்களாலேயே வளர்த்துக் காட்டிய பெருமை, நாற்பத்தெட்டு வீடுகள் கொண்ட அந்த அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்துக்கே உரியது. அதிலும் பெரும்பங்கு அதன் செயலாளரைச் சேரும்.

செயலாளர் லேசுப்பட்டவர் இல்லை. முப்பத்திரண்டு வருடம் தரக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் மிக்ஸி ஓடினால்கூட, ஓட்டுவதற்கு முன் தன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று நினைப்பவர்.

ஒரு கோடைக்காலக் காலையில், கீழ்த்தளத்தில் ஒரு ஸ்கூட்டருக்கு அடியில் பழுப்பு நிறக் குட்டி ஒன்று கிடந்தது. ஒரு காது நிமிர்ந்து, ஒரு காது மடிந்து, இரண்டு கைக்குள் அடங்கும் அளவு. துரத்துவதா, வைத்துக்கொள்வதா என்று குடியிருப்பே இரண்டுபட்டு நின்றபோது செயலாளர் கையை உயர்த்தினார். 'பிராணிகளின் நண்பன்' என்று ஒரு விருது இருப்பதை அவர் முந்தின நாள்தான் செய்தித்தாளில் படித்திருந்தார். நிபந்தனை ஒன்றே ஒன்று: தெருவில் இருந்து எடுத்த குட்டி ஒரு வருடம் நல்லபடியாக உயிரோடு இருக்க வேண்டும்.

"இந்த ஜீவனை நாம காப்பாத்துறோம். வெயில், மழை, குளிர் மூணுலயும். ஆனா முறைப்படி" என்றார் செயலாளர்.

"மொதல்ல அதுக்குக் கொஞ்சம் தண்ணி வைங்க" என்றார் அவர் மனைவி.

"அதுக்குத்தான் குழு போடுறோம்."

மனைவியையும் சேர்த்துப் பதினோரு பேர் கொண்ட குழு அமைந்தது. பெயர் சூட்ட ஒரு துணைக்குழு. ஒன்பது பெயர்கள் வந்தன, ஒன்பதுக்கும் ஆட்சேபம் வந்தது. ஆகவே எல்லாக் காகிதங்களிலும் குட்டி 'பயனாளி' என்றே குறிக்கப்பட்டது. கேட்டில் காவல் நிற்கும் பெண்ணை எல்லாரும் கேட் அக்கா என்பார்கள். அவளிடம் எந்தக் காகிதமும் கிடையாது. "டேய்" என்றாள். பயனாளி ஓடி வந்தது.

குழு முதலில் கோடையை எடுத்துக்கொண்டது. தண்ணீர்த் தொட்டி வட்டமா, சதுரமா? நீலமா, பச்சையா? குட்டி விழுந்தால் மூழ்காத ஆழம் எவ்வளவு? ஆறு கூட்டங்கள் நடந்தன. இதற்கிடையில் கேட் அக்கா காலியான பெயிண்ட் வாளி ஒன்றைப் பாதியாக அறுத்து, நிழலில் வைத்து, தண்ணீர் ஊற்றியிருந்தாள். செயலாளர் அதைப் பார்த்துவிட்டார்.

"இது யாரு வெச்சது?"

"நான்தான் சார். நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டுக் கெடந்துச்சு."

"அங்கீகாரம் இல்லாத பாத்திரம். எடுத்துரும்மா."

எடுத்து, தன் நாற்காலிக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். அங்கீகாரம் பெற்ற நீல நிறத் தொட்டி முதல் மழை பெய்த அன்று திறக்கப்பட்டது. பதினோரு பேரும் குடை பிடித்து நின்றார்கள். தொட்டி தானாகவே நிரம்பியது. அனைவரும் கை தட்டினார்கள்.

அடுத்தது மழைக்காலம். பயனாளிக்கு மழைக்கோட்டு வாங்குவது என்று முடிவாகி, அளவெடுக்கும் பொறுப்பு மூன்றாம் மாடிப் பேராசிரியரிடம் தரப்பட்டது. அவருக்கு நாய் என்றால் பயம். தூரத்தில் நின்று கண்ணாலேயே அளந்தார். கீழ்த்தளத்தில் முழங்கால் அளவு தண்ணீர் ஏறிய அன்று குழு ஐந்தாம் மாடிக் கூடத்தில் அவசரமாகக் கூடி ஆழ்ந்த கவலை தெரிவித்தது. கேட் அக்கா தண்ணீருக்குள் இறங்கிப் போய், ஒரு தூணின் திண்டில் நடுங்கிக்கொண்டிருந்த குட்டியைத் தன் மழைக்கோட்டுக்குள் வைத்துத் தூக்கி வந்தாள். தடுப்பூசி விஷயமாக மருத்துவரின் எழுத்துப்பூர்வமான கருத்து கேட்கப்பட்டிருந்தது. கருத்து வருமுன்பே அவள் தன் விடுமுறை நாளில் குட்டியைத் துணிப்பையில் போட்டு எடுத்துப்போய் ஊசி போட்டு வந்துவிட்டாள். பயனாளியை அனுமதியின்றி வெளியே கொண்டுசென்றதற்காக அவளுக்கு முதல் மெமோ தரப்பட்டது.

மழைக்கோட்டு குளிர்காலத்தில் வந்து சேர்ந்தது. அதற்குள் பயனாளி மூன்று மடங்கு வளர்ந்திருந்தது. கோட்டு அதன் ஒரு காலுக்குச் சரியாக இருந்தது.

"திட்டத்துல தப்பில்ல. பயனாளிதான் திட்டத்துக்கு ஒத்துழைக்கல" என்றார் செயலாளர்.

குளிர்காலத்தில் போர்வைக்கான கோப்பு நகர்ந்துகொண்டிருந்தது. பயனாளி இதமாக இருக்கும் இடத்தைத் தேடி, நிறுத்திய கார்களுக்கு அடியில் போய்ச் சுருண்டுகொள்ளும். இதைக் கண்டுபிடித்த கேட் அக்கா, காலையில் ஒவ்வொரு கார் கிளம்பும்போதும் ஓடிப்போய் முன்பக்கத்தை இரண்டு தட்டு தட்டுவாள். குட்டி கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வரும். அப்புறம்தான் வண்டியை நகர விடுவாள். ஒரு நாள் செயலாளரின் காருக்கு அடியில் இருந்தே வந்தது. அவர் இறங்கி, பெயிண்டில் கீறல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இரண்டாவது மெமோ கொடுத்தார். அந்த மாத அறிக்கையில், "பயனாளி வாகன விழிப்புணர்வில் தேர்ச்சி பெற்றது" என்று எழுதினார்.

பயிற்சியை மட்டும் அவர் யாரிடமும் விட்டுவிடவில்லை. ஞாயிறுதோறும் முதல் மாடி பால்கனியில் கையேட்டுடன் நின்று, "அமர்க" என்பார். பயனாளி அண்ணாந்து பார்க்கும். வாலை ஆட்டிவிட்டு கேட்டுக்குப் போகும். 'கவனம்: நன்று' என்று குறித்துக்கொள்வார்.

வருடம் முடிந்து, விருதுக்காரர்கள் நேரில் பார்க்க வந்தார்கள். இரண்டு பெண்கள். குட்டி கொழுகொழுவென்று இருந்தது. செயலாளர் பயிற்சிக்காக முதல்முறையாகத் தரைக்கு இறங்கி வந்து, அதன் எதிரே நின்றார்.

"அமர்க."

அது காதைச் சொறிந்தது. மறுபடி சொன்னார். கொட்டாவி விட்டது. செயலாளரின் நெற்றி வியர்த்தது. பார்த்துக்கொண்டிருந்த கேட் அக்காவுக்கு மனசு கேட்கவில்லை.

"டேய், உக்காரு" என்றாள் மெதுவாக.

உட்கார்ந்தது.

"யார் பழக்கினது?" என்று கேட்டாள் வந்தவர்களில் ஒருத்தி.

"குழு" என்றார் செயலாளர்.

அவள் கேட் அக்காவைப் பார்த்தாள். கேட் அக்கா கூச்சத்துடன், "நான் ஒண்ணும் பண்ணலம்மா. பக்கத்துல இருந்தேன், அவ்வளவுதான்" என்றாள்.

விருது வந்தது. சான்றிதழின் கடைசி வரியில், காவலர் பெண்ணின் அக்கறைக்குத் தனிப் பாராட்டு என்று இருந்தது. செயலாளர் அந்த வரி மரச்சட்டத்துக்குள் மறைவது போலப் பார்த்துச் சான்றிதழுக்குக் கண்ணாடி போட்டு மாட்டினார். அடுத்த கூட்டத்தில் இரண்டு மெமோக்களுடன், குழுவின் பயிற்சியில் குறுக்கிட்டது என்ற மூன்றாவது குற்றமும் சேர்ந்தது. மறுநாள் முதல் வர வேண்டாம் என்று கேட் அக்காவிடம் சொல்லப்பட்டது. அவள் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அதையும் திமிர் என்று குறித்துக்கொண்டார்கள்.

அவள் பையை மாட்டிக்கொண்டு கேட்டைத் தாண்டினாள். பயனாளி பின்னாலேயே போனது. செயலாளர் பால்கனியில் இருந்து "அமர்க" என்றார், "நிற்க" என்றார், கடைசியில் "ஏய்" என்றார். கேட் அக்காவும் திரும்பி நின்று சொன்னாள்.

"போடா உள்ள. எனக்கே இனிமே எங்க வேலைன்னு தெரியல. அங்கயே இரு."

அவள் சொல்லி அது கேட்காத வார்த்தை அது ஒன்றுதான்.

அன்று மாலையே அவசரக் கூட்டம். பேசும்போது செயலாளரின் குரல் நிஜமாகவே தழுதழுத்தது. "ஒரு வருஷம். முப்பத்தாறு கூட்டம். நாய்க்கு நன்றி உண்டுன்னு ஊர் உலகமே சொல்லுது. நமக்கு வாய்ச்சது இப்படி நன்றி கெட்டதா போச்சு." வேறொரு குட்டியை எடுப்பதென்றும், இந்தத் தடவை நன்றியுள்ளதாகப் பார்த்து எடுப்பதென்றும் தீர்மானம் வந்தது. பத்துக் கைகள் உயர்ந்தன. செயலாளரின் மனைவி மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"உனக்கு என்ன ஆட்சேபம்?"

"நன்றியுள்ளதா வந்தா அதுவும் அவ பின்னாடிதாங்க போகும். நம்மகிட்டயே இருக்கணும்னா, நம்மள மாதிரி ஒண்ணாப் பாருங்க."