சர்க்கார் அங்கீகாரம் பெற்ற பகை

குஸ்தி போடுகிறவர்களுக்குள் பகை இருக்க வேண்டும் என்பது ஊர் உலகம் ஒப்புக்கொண்ட விஷயம். தண்டையார்பேட்டை பக்தவச்சலத்துக்கு மட்டும் அது தெரியாமல் இருந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் அவன் பேசின் பிரிட்ஜில் பகலெல்லாம் நிலக்கரி அள்ளுவான். சாயங்காலம் குளித்துவிட்டு ராயபுரத்துக் கொட்டாயில் போய்ச் சின்னப்பையனோடு குஸ்தி போடுவான். சின்னப்பையன் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். பக்தவச்சலத்தின் பெண்சாதி கெங்கம்மாவுக்குக் கூடப்பிறந்த அண்ணன். மூவரும் குழந்தை வரலட்சுமியும் ஒரே வீட்டில்தான் குடியிருந்தார்கள். அது சின்னப்பையனின் வீடு.

கோதாவில் ஒருவன் கழுத்தை ஒருவன் நெரிக்கும்போது, "இன்னிக்கு இன்னா கொயம்பு மச்சான்?" என்று ஒரு குரல் கேட்பதும், "நெத்திலி" என்று இன்னொரு குரல் பதில் சொல்வதும் முன்வரிசைக்குத் தெளிவாகக் கேட்கும். வரவர முன்வரிசையில் ஆளே இல்லாமல் போயிற்று.

கொட்டாயின் சொந்தக்காரர் ராமசுப்பு, தெற்கத்திச் சீமையிலிருந்து வந்து ராயபுரத்தில் வெல்ல மண்டி வைத்தவர். ஒருநாள் இருவரையும் மண்டிக்கு வரவழைத்தார்.

"ஒருத்தன் தோக்கணும்னு ஆசைப்பட்டுத்தானவே ஜனம் குஸ்தி பாக்க வரும்? ஒங்க ரெண்டு பேரையும் பாத்தா எவனுக்கு அந்த ஆசை வரும்? பகை வேணும்வே, பகை!"

"யாரோட மொதலாளி?" என்றான் பக்தவச்சலம்.

"ஒங்களுக்குள்ளதான்."

"இவனோடயா? எந்தங்கச்சிய கட்னவன் மொதலாளி இவன்" என்றான் சின்னப்பையன்.

"அதை வெளியில சொல்லாதீரும்."

அன்று மத்தியானம் ராமசுப்பு வெல்ல மூட்டைமேல் உட்கார்ந்து சரித்திரம் எழுதினார். மறுநாள் ஒரு ஜட்கா வண்டி பாண்டு வாத்தியத்தோடு ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் அதை நோட்டீஸாக வாரி இறைத்துக்கொண்டு போயிற்று. "தலைமுறைகள் கடந்த பகை! பயில்வான் பக்தவச்சலத்தின் பாட்டனார், பயில்வான் சின்னப்பையனின் பாட்டனாரது வலது காதைக் கடித்துத் துப்பிய அக்கொடிய நாள் முதல் கனன்றுகொண்டிருக்கும் வஞ்சம்! வட சென்னை மகா சாம்பியன் பட்டம் யாருக்கு?" பட்டத்துக்கு அடையாளமான பித்தளைக் கச்சை, புளி போட்டுத் துலக்கி, மண்டி வாசலில் வைக்கப்பட்டது. நோட்டீஸைப் படிக்கக் கேட்டு இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். சிரித்துவிட்டுக் கொட்டாய்க்குப் போனால், உள்ளே நுழைய வழி இல்லை. அவ்வளவு கூட்டம்.

சாம்பியன் பட்டத்துக்கான குஸ்தியை ராமசுப்பு தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தார். தள்ளத் தள்ளப் பகை வளர்ந்தது. சின்னப்பையனுக்கு மீசை மேலே பார்த்திருக்கும். பக்தவச்சலத்துக்குக் கீழே தொங்கும். ராயபுரமே மேல்மீசை, கீழ்மீசை என்று பிரிந்தது. மேல்மீசைக்காரன் கீழ்மீசைக்காரன் கடையில் சோடா குடிப்பதில்லை. கச்சேரி உத்தியோகத்துக்குப் போகிற குமாஸ்தாக்கள் கோட்டுக்குமேல் கச்சை கட்டிக்கொண்டு டிராம் ஏறினார்கள். மீசை முளைக்காத கனவான்கள் மையால் வரைந்துகொண்டார்கள். குஸ்தியை ஒருநாளும் பார்க்காத ஒரு வக்கீல், தமக்குப் பெண் கொடுத்த மாமனார் எதிர்மீசை என்று தெரிந்து தலைதீபாவளிக்குப் போகாமல் நின்றுவிட்டார்.

அந்தக் காலத்தில் பொது வேடிக்கை இலாகா என்று ஒன்று இருந்தது. வேடிக்கைகள் வேடிக்கையாக இல்லாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. அதன் அதிகாரி ராமசுப்புவைக் கூப்பிட்டு அனுப்பினார். நோட்டீஸை மேஜைமேல் விரித்துவைத்துக் கேட்டார்:

"இந்தப் பகை மெய்யா, பொய்யா?"

"மெய்யின்னா என்ன ஆகும் எசமான்?"

"பொது அமைதிக்குப் பங்கம். கொட்டாயை மூடுவோம்."

"அப்பம் பொய்."

"பொய்யென்றால் பொதுமக்களை வஞ்சித்த குற்றம். உம்மை உள்ளே வைப்போம்."

ராமசுப்பு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு யோசித்தார். "எசமான், இது சர்க்கார் எப்படி இருக்கணும்னு சொல்லுதோ, அப்படி இருக்கக்கூடிய பகை."

அதிகாரி முகம் மலர்ந்தது. "இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே" என்று சொல்லி, பகையின் தோற்றத்தையும் வளர்ச்சியையும் குறித்து விசாரணை நடத்த உத்தரவிட்டார்.

விசாரணையில் முதல் சாட்சி சோடாக்கடை பக்ருதீன் பாய். நரைத்த தாடியைத் தடவிக்கொண்டு, "காது வுயிந்தத்த என் கண்ணால பாத்தேன் சாமி. ஒரு நாய் கவ்விகினு ஓடிச்சி" என்றார். ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் அது நடந்த வருஷத்தைச் சொன்னார். அந்த வக்கீல் நாயின் நிறத்தைச் சொன்னார். பக்தவச்சலம் பொறுக்கமாட்டாமல் எழுந்தான்.

"சாமி, எங்க தாத்தா பொன்னேரில இருந்தவரு. இவுங்க தாத்தா செங்கல்பட்டு. ரெண்டு பேரும் மூஞ்சி பாத்துகினதே இல்ல சாமி."

"சம்பவம் நடந்தபோது நீர் பிறந்திருந்தீரா?"

"இல்ல சாமி."

"பிறக்காதவர் சாட்சி சொல்ல முடியாது. உட்காரும்."

பகை மெய்யானது, புராதனமானது, ஐயத்துக்கு அப்பாற்பட்டது என்று தீர்ப்பாயிற்று. அது கெடாமல் பாதுகாக்கப்பட வேண்டும் என்றும் சேர்த்து எழுதினார்கள். பட்டத்துக் குஸ்தி முடியும் வரை இரு பயில்வான்களும் ஒரே கூரையின்கீழ் வசிக்கலாகாது, ஒரே பானைச் சோற்றை உண்ணலாகாது, பேசலாகாது, ஒருவரை ஒருவர் கண்டால் புன்னகைக்கலாகாது. மேற்பார்வைக்கு இன்ஸ்பெக்டர் வால்டர் நியமிக்கப்பட்டார்.

வால்டர் ராயபுரத்தில் பிறந்த ஆங்கிலோ இந்தியச் சட்டைக்காரர். தொப்பி போட்டிருப்பார், வாயைத் திறந்தால் குப்பத்துப் பாஷைதான். பக்தவச்சலத்தை வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போய் வெல்ல மண்டிக் கிடங்கில் குடிவைத்தார். "என் கைல ஒண்ணும் இல்ல நைனா. ஆர்டரு" என்று தோளில் தட்டினார். எறும்புகள் பக்தவச்சலத்தைச் சுற்றிச் சுற்றி வந்தன. கெங்கம்மா தூக்குவாளியில் சோறு கொண்டுவந்தாள். வால்டர் வாசலில் மறித்தார்.

"இது எதிர்க்கட்சி வூட்டுக் கொயம்பும்மா. உள்ள வுடக் கூடாது."

"அவுரு என் புருசன்யா!"

"நீ எதிராளிக்குத் தங்கச்சி. அதான் பேஜாரு" என்று சொல்லி வாளியைப் பறிமுதல் செய்து, சட்டப்படி அதை அழித்தார். அன்றிலிருந்து தினமும் அழித்துவந்தார். ஒருநாள் உப்புக் குறைச்சல் என்று அவளிடம் புகாரும் சொன்னார்.

தை பிறந்தது. குழந்தைக்குக் காது குத்த நாள் பார்த்திருந்தார்கள். கெங்கம்மா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நேரே இலாகாவுக்கே போனாள்.

"சாமி, ஒரே ஒரு நாழி. கொயந்த எங்கண்ணன் மடில ஒக்காரணும். பெத்தவன் பக்கத்துல நிக்கணும். அவ்ளோதான் கேக்கறேன்."

அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அம்மா, இது காது சம்பந்தப்பட்ட பகை. காது சம்பந்தப்பட்ட விசேஷத்தில் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துவது பேராபத்து. ஆயினும் சர்க்காருக்கு இரக்கம் உண்டு. ஓர் உத்தியோகஸ்தர் இல்லாதபோது வேறொருவர் பொறுப்பு வகிப்பது எங்கள் வழக்கம். இன்ஸ்பெக்டர் வால்டரைப் பொறுப்புத் தாய்மாமனாக நியமிக்கிறேன்."

அப்படியே நடந்தது. வால்டர் தொப்பியைக் கழற்றாமல் மணைமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். குழந்தை தொப்பியைப் பார்த்தே ஊரைக் கூட்டியது; ஊசிக்கு அழுவதற்கு அதனிடம் மூச்சு மிச்சமில்லை. பக்தவச்சலம் அனுமதிக்கப்பட்ட இடத்தில் நின்றான். தாய்மாமன் சீராக வாங்கிவைத்திருந்த கம்மலைக் கையில் பிடித்தபடி சின்னப்பையன் தெருவின் எதிர்ச் சாரியில் நின்றான். பொறுப்புத் தாய்மாமன் ஆளனுப்பி அதை வாங்கிக்கொண்டார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். புன்னகைக்கத்தான் தடை இருந்தது. அழத் தடை இல்லை. இருவரும் அந்தச் சலுகையைப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

கடைசியில் பட்டத்துக் குஸ்தி வந்தது. கொட்டாய்க்குள் இடமில்லாமல் பக்கத்து மரங்களெல்லாம் மீசையாகக் காய்த்தன. அதிகாரி முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மணி அடித்தது. பக்தவச்சலமும் சின்னப்பையனும் கை கோத்தார்கள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அந்தக் கையைத் தொட்டதும் பக்தவச்சலம் குஸ்தியை மறந்தான்.

"மச்சான்" என்றான் மெல்ல.

சின்னப்பையன் முகத்தைத் திருப்பிக்கொண்டு பிடியை இறுக்கினான்.

பக்தவச்சலம் பிடியை விட்டுவிட்டுக் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினான். "கேளுங்கோ! இவன் என் மச்சான். எனக்கும் இவனுக்கும் ஒரு பகையும் கெடயாது. காத கடிச்சது, துப்பினது, நாய் தூக்கினது எல்லாம் பொய்!"

"பயந்துட்டான்டா!" என்றது மேல்மீசை. "தந்திரம்டா! ஏமாந்துடாதீங்கோ!" என்றது கீழ்மீசை. நாற்காலிகள் பறந்தன. அதிகாரி எழுந்து நின்று கையை உயர்த்தினார்.

"விசாரணையில் ருஜுவான பகையைப் பொய் என்கிறவர், சர்க்காரைப் பொய்யர் என்கிறார். இருவரையும் கைது செய்க!"

"நான் ஒண்ணும் சொல்லலியே சாமி" என்றான் சின்னப்பையன்.

"மறுக்கவும் இல்லையே!"

யாரும் ஜெயிக்காததால், மறு உத்தரவு வரும் வரை இலாகாவே வட சென்னை மகா சாம்பியனாக இருக்கும் என்று அறிவித்து, பித்தளைக் கச்சையை அதிகாரி எடுத்துக்கொண்டு போனார்.

இருவரையும் ஒரே கொட்டடியில் போட்டார்கள். இடப் பற்றாக்குறை. பக்தவச்சலத்துக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். சர்க்காரே தங்களைச் சேர்த்துவைத்துவிட்டதாக நினைத்தான். சின்னப்பையன் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தான்.

"இன்னா மச்சான், பேச மாட்டியா?"

"இன்னாத்துக்குடா கைய வுட்ட? நான் ஜெயிச்சிருப்பேன்."

"நீயா?" என்று சிரித்தான் பக்தவச்சலம்.

"ஏன், நான் ஜெயிக்கக் கூடாதா? என் மடில ஒக்கார வேண்டிய கொயந்திய எவன் மடிலயோ ஒக்கார வெச்சிட்டு, தேமேன்னு நின்னுகினு இருந்தவன்தானே நீ?"

"நீ மட்டும் இன்னா பண்ண? எதிர்ல நின்னு பாத்துகினுதானே இருந்த?"

சின்னப்பையன் திரும்பினான். "கடிச்ச வம்சம்தானேடா உன் வம்சம்."

விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று நினைத்துப் பக்தவச்சலம் அவன் முகத்தை உற்றுப் பார்த்தான். விளையாட்டு இல்லை.

"டேய், அது மொதலாளி வெல்ல மூட்டமேல ஒக்காந்துகினு எய்தினதுடா! நாம ரெண்டு பேரும் கேட்டுச் சிரிச்சமே!"

"நாம சிரிச்சோம். பாய் கண்ணால பாத்தாராம். வாத்தியாரு வருசம் சொல்றாரு. வக்கீலு நாய் கலரு சொல்றாரு. படிச்சவங்க இத்தினி பேரும் பொய் சொல்வாங்களா?"

"எங்க தாத்தாவுக்குப் பல்லே கெடயாதுடா!"

"கடிச்சதுல போயிருக்கும்."

இத்தனை வருஷம் கோதாவில் ஒருநாளும் வராத கோபம் பக்தவச்சலத்துக்கு வந்தது. முதல் அடியை அவன்தான் அடித்தான். அன்று அந்தக் கொட்டடியில் நடந்ததுதான் வட சென்னை கண்ட ஒரே அசல் பட்டத்துக் குஸ்தி. அதைப் பார்க்க ஆள் இல்லை. சத்தம் கேட்டு வால்டர் மட்டும் கம்பி வழியாக எட்டிப் பார்த்தார். எல்லாம் உத்தரவுப்படி சரியாக இருக்கிறது என்று கண்டு திருப்தியோடு திரும்பிப் போனார்.

சில மாதம் கழித்து, எச்சரித்து இருவரையும் வெளியே விட்டபோது ஊர் வேறாக இருந்தது. ராமசுப்பு கொட்டாயில் பேசும்படம் ஓட்டிக்கொண்டிருந்தார். மேல்மீசையும் கீழ்மீசையும் மழித்துக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து படம் பார்த்தன. இலாகா கவனம் முழுவதும் இப்போது திரையில் யார் யாரைத் தொடுகிறார்கள் என்பதில் இருந்தது. பக்தவச்சலமும் சின்னப்பையனும் வீட்டை நடுவில் தட்டி கட்டிப் பிரித்துக்கொண்டார்கள். கெங்கம்மா இந்தப் பக்கம் ஆக்கியதை அந்தப் பக்கம் நீட்டினால், அது வாசலில் வந்து விழுந்தது.

ஒருநாள் காலையில் தெருக்குழாயடியில் யார் குடம் முன்னே என்று ஆரம்பித்தது. பக்தவச்சலம் சின்னப்பையனை மல்லாத்தி நெஞ்சின்மேல் ஏறி உட்கார்ந்து மாறி மாறிக் குத்தினான். சின்னப்பையன் கையில் அகப்பட்ட கல்லை எடுத்து அவன் நெற்றியைப் பிளந்தான். இருவர் முகத்திலும் ரத்தம். கெங்கம்மா தலைவிரிகோலமாக ஓடிவந்து கூடிநின்ற ஒவ்வொருவர் கையாகப் பிடித்துக் கெஞ்சினாள்.

"யாராச்சும் வெலக்கி வுடுங்களேன்! செத்துடுவாங்கய்யா! நெசமாவே அடிச்சிகினு கீறாங்க!"

பக்ருதீன் பாய் சோடா உடைத்து ஒருவருக்குக் கொடுத்தபடியே சிரித்தார்.

"இன்னாம்மா நீ! பழய ஆளு எங்கிட்டயேவா? இவுங்க ரெண்டு பேரும் தோஸ்துங்கன்னு அன்னிக்கிக் கொட்டாயில உன் வூட்டுக்காரன் வாயாலயே சொன்னானே. நாங்க என்ன, யாரு எத்த சொன்னாலும் நம்பற ஜனமா?"

சோடா வாங்கியவர் தலைதீபாவளிக்குப் போகாத வக்கீல்தான். ஒரு வாய் குடித்துவிட்டு, கழுத்தைச் சாய்த்து, விஷயம் தெரிந்தவர்போல் பார்த்தார்.

"இருந்தாலும் அந்த ரத்தம் இருக்கிறதே, அசல் மாதிரியே இருக்கிறது" என்றார்.

சுற்றி நின்றவர்கள் அதை ஒப்புக்கொண்டு கை தட்டினார்கள்.