பெரியப்பாவின் காதுக்குள் வெளியான ஆல்பம்

பெருமதிப்புக்குரிய பெரியப்பாவுக்கு, மாடியறையிலிருந்து உங்கள் தம்பி மகள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான் நலம். கீழே நீங்கள் நல்ல திடத்தோடு இருப்பதை நேற்று மாலை எட்டு வீட்டுக்காரர்களும் காதாரக் கேட்டார்கள்.

"எழுத்துல மன்னிப்பு கேளு. அப்பத்தான் ஹெட்ஃபோன் என் பீரோவை விட்டு வெளியே வரும்" என்று சொல்லியிருக்கிறீர்கள். இதோ, எழுதிவிட்டேன். மன்னிப்பை மட்டும் இதில் தேடாதீர்கள்.

உங்கள் புதுக் காது மெஷின் உங்கள் பட்டன் போனோடு சேராது என்று கடைக்காரர் கைவிரித்ததும், "உன் போன்லயே போட்டுக் குடும்மா, நீதான் இதுல கெட்டிக்காரி" என்றது யார்? போட்டுக் கொடுத்தேன், சத்தத்தைச் சரிசெய்த பிறகு இணைப்பைப் பிரித்துவிட மறந்தேன், அவ்வளவுதான் என் பங்கு. நேற்று என்ன நாள் தெரியுமா? 'ஈரச்சுவர்' என்ற மெட்டல் இசைக் குழுவின் புது ஆல்பம் வெளியான நாள். அதற்காக நான் மூன்று வருஷம் காத்திருந்தேன். வேலை முடிந்து வந்து, கதவைச் சாத்தி, ஹெட்ஃபோனை மாட்டி, பாட்டைப் போட்டால் ஒரு சத்தமும் இல்லை. இந்தக் குழு மௌனத்தில் ஆரம்பிப்பது வழக்கம் என்பதால் நான் கண்ணை மூடிக்கொண்டு, ஆகா, என்ன துணிச்சல், எவ்வளவு நீளமான மௌனம் என்று மெய்ம்மறந்து உட்கார்ந்திருந்தேன். பிறகு சந்தேகம் வந்து ஒலியைக் கூட்டினேன். அப்புறமும் கூட்டினேன். கடைசியில் ஹெட்ஃபோனில்தான் சார்ஜ் இல்லை போல என்று அதைச் சார்ஜில் போட்டுவிட்டுக் குளிக்கப் போய்விட்டேன். போன் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது, பாட்டெல்லாம் உங்கள் காது மெஷினுக்குள்.

கீழே கூடத்தில் நீங்கள் குடியிருப்போர் கூட்டத்துக்குத் தலைமை தாங்கிக்கொண்டிருந்தது எனக்கு எப்படித் தெரியும்? மூன்றாம் வீட்டுக்காரர் தண்ணீர்த் தொட்டியை யார் கழுவுவது என்று வழக்கம்போல இழுத்துக்கொண்டிருந்தாராம், நீங்கள் மேஜையில் ஓங்கி அடித்து "போதும் நிறுத்துய்யா!" என்று அலறினீர்களாம், அந்த மனுஷன் வெலவெலத்துப்போய் "நானே கழுவிடறேன் சார்" என்று உட்கார்ந்துவிட்டாராம். பெரியம்மாதான் சொன்னார்கள், சிரிப்பை அடக்க முடியாமல். எத்தனை கூட்டத்தில் தீராத தகராறு! மெட்டல் இசை ஒரே பாட்டில் தீர்த்து வைத்திருக்கிறது. அதற்கு எனக்குக் கிடைத்த பரிசு ஹெட்ஃபோன் பறிமுதல்.

"முழுசா நாப்பது நிமிஷம் என் மண்டைக்குள்ள சம்மட்டி அடிச்சா" என்று என் அப்பாவுக்குப் போன் போட்டுப் புகார் செய்தீர்கள். மெஷினைக் காதிலிருந்து எடுக்க இரண்டு விநாடி போதுமே என்று நான் கேட்கவில்லை. பதற்றத்தில் தோன்றியிருக்காது.

"இதெல்லாம் ஒரு பாட்டா, கழுத்தைப் பிடிச்ச மாதிரி கத்துறாங்க" என்கிறீர்களே, நான் என்ன வேலை பார்க்கிறேன் பெரியப்பா? காலையிலிருந்து சாயங்காலம்வரை போனில் புகார் கேட்கும் வேலை. வாஷிங் மெஷின் சுத்தவில்லை என்று ஊரில் இருப்பவர்களெல்லாம் என்னைத் திட்ட, நான் தேன் குரலில் "உங்கள் சிரமம் புரிகிறது" என்கிறேன். சம்பளத்துக்காகத் தாளமில்லாத கத்தலைக் கேட்கிறவள், வீட்டுக்கு வந்து தாளத்தோடு கத்துகிறவர்களைக் கேட்கக் கூடாதா? இந்த மாதம் வந்ததில் 'துருத்தி' என்ற மூன்று பேர் குழுவின் ராக் ஆல்பம் இருக்கிறது. அதில் கிட்டார்காரர் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு, பிடிவாதக் குழந்தை மாதிரி விடவே மாட்டார், கேட்கக் கேட்க நமக்கும் முதுகு நிமிரும். இன்னொன்று 'பல்சக்கரம்'. அதன் டிரம்ஸைக் கேட்டுக்கொண்டு பஸ்ஸில் நின்றால் எவனும் என்னை இடித்துவிட்டுப் போக முடியாது, அப்படி ஒரு தைரியம் வரும். ஈரச்சுவரின் மூன்றாவது பாட்டில், ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்மாவுக்காகக் காத்திருக்கும் ஒருத்தி கத்துகிறாள். வரிகளைப் படித்தபோதே எனக்குக் கண் கலங்கியது. குரலை இன்னும் கேட்கவில்லை. ஏனென்றால் முதல் தடவை கேட்கிற பாக்கியத்தை நீங்கள் தட்டிப் பறித்துக்கொண்டீர்கள், பீரோவையும் பூட்டிவிட்டீர்கள். நியாயமாகப் பார்த்தால் மன்னிப்பு நான் கேட்க வேண்டியதா, எனக்கு வர வேண்டியதா?

ஆகவே கேட்க மாட்டேன். இப்போதே உங்கள் மெஷினை என் போனிலிருந்து பிரித்துவிடப் போகிறேன். இனி உங்கள் காது உங்களுக்கு, என் காது எனக்கு. பெரியம்மாவுக்கு என் அன்பு. தொட்டி கழுவும் மூன்றாம் வீட்டுக்காரருக்கு என் அனுதாபம்.

உங்கள்மீது மரியாதை குறையாத,
மாடியறை மகள்

பி.கு.: கடிதத்தை மடித்துவிட்டு மெஷினைப் பிரிக்க உட்கார்ந்தேன். இன்னும் இணைப்பில்தான் இருக்கிறதா என்று பார்க்க அந்த மூன்றாவது பாட்டைச் சற்று ஓடவிட்டு நிறுத்தினேன். உடனே கீழேயிருந்து உங்கள் குரல்: "ஏம்மா நிறுத்திட்டே? அந்தப் பொண்ணு மூச்சு வாங்கிட்டு இப்பத்தானே மறுபடி ஆரம்பிப்பா!"

அவள் மூச்சு வாங்கும் இடம் எனக்கே தெரியாது, பெரியப்பா. நீங்கள் கேட்டபடி, எழுத்திலேயே தருகிறேன்: பாட்டை நடுவில் நிறுத்தியதற்கு மனமார மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். முதலிலிருந்து போடலாம். பீரோ சாவியோடு மேலே வாருங்கள்.